ட்ரீட்மெண்ட் எப்படி?



ஆலங்காயத்திலிருந்து காலை பஸ்ஸில் வரும்போது தினம் ஒரு தடவையாவது என் காதில் விழும் இங்கிலீஷ் வார்த்தை ‘ட்ரீட்மெண்ட்’. “அம்மாவுக்கு வேலூர் சி.எம்.சி.யில ட்ரீட்மெண்ட்” என்பார் ஒருவர். “புது கம்பெனியில ட்ரீட்மெண்ட் எப்படிடா?” என்பான் இன்னொருவன். மெக்கானிக்கல் பசங்களுக்கு ஹீட் ட்ரீட்மெண்ட்: உளியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் ஹார்டனிங், மறுபடி மிதமாகச் சூடாக்கினால் டெம்பரிங். (வேலை கிடைச்சா கேட்கிற ‘ட்ரீட்’ வேற கணக்கு!)

தமிழில் இதற்கெல்லாம் தனித்தனி வார்த்தை உண்டு. நோய்க்குச் சிகிச்சை, இரும்புக்குப் பதப்படுத்தல், கழிவுநீருக்குச் சுத்திகரிப்பு, மனுஷனை நடத்தும் விதம். இங்கிலீஷில் எல்லாம் ஒரே மூட்டை. அந்த மூட்டைக்குள் நம்ம ஊர் விஷயம் ஒன்று ஒளிந்து கொள்கிறது என்பது என் கட்சி.

வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் கம்பெனி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். சொந்தமாகவோ பொதுவாகவோ சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். அதற்கப்புறம் “ட்ரீட்மெண்ட் பண்றோம் சார்” என்றாலே பிரச்சினை தீர்ந்த மாதிரி ஒரு பேச்சு. தீர்ந்ததா? கெமிஸ்ட்ரி படித்தவர்கள் நாம். சுண்ணாம்பு போட்டால் குரோமியம் மறைந்து போகாது. அடியில் சேறாக உட்காரும். தோல் அழுகாமலிருக்கப் போட்ட உப்போ தண்ணீரோடு கரைந்தே போகும். அதைப் பிரிக்க ஆர்.ஓ. வேணும், மிச்சத்தை ஆவியாக்கவும் வேணும். 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

2015 ஜனவரி 31. ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் கம்பெனியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். தண்ணீருக்கு ட்ரீட்மெண்ட் நடந்தது. பிழைக்க வந்தவனுக்கு?

என் மாமா இருபது வருஷமாக ஒரு தோல் கம்பெனியில் டிரம் பக்கம் வேலை. உள்ளங்கை வெடித்து, புண்ணாகி, இப்போது ட்ரீட்மெண்டில் இருக்கிறார். “கிளவுஸ் போடலையா?” என்று டாக்டர் கேட்டாராம். கேட்டும் தரலையாம். நண்பர்களே, டிப்ளமோ முடித்தால் நம்மில் பாதிப் பேர் இதே பெல்ட்டில்தான் சூப்பர்வைசர். கிளவுஸ் இன்டெண்டில் கையெழுத்து நம்முடையது.

“நீ போனா தருவியா மாப்ளே?” என்று கேட்டார்.

“தருவேன் மாமா” என்றேன். சிரித்தார்.