நீர்க்காகத்தின் மேல் வீண் பழி

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய வாய்க்கால்களிலும் கழுவெளி ஏரிக்கரையிலும், சிறகுகளை அகல விரித்தபடி அசையாது அமர்ந்திருக்கும் கரிய பறவையை அங்கத்தினர் யாவரும் கண்டிருப்பர். அதுவே நீர்க்காகம். கஞ்சியிட்ட பாவை நெசவாளர் தெருவில் விரித்து உலர்த்துவது போன்றதே அதன் செய்கையும். வாத்தின் இறகைப் போலன்றி இதன் இறகுகளின் வெளிப்பகுதி நீரில் நனையும் இயல்புடையது. அதனாலேயே எளிதில் மூழ்கி மீனைத் துரத்திப் பிடிக்கிறது, கரையேறியபின் காய்கிறது. பெயரில்தான் காகம், காக்கைக்கும் இதற்கும் உறவில்லை. உலகில் இக்குடும்பத்தில் ஏறத்தாழ 40 இனங்கள் உண்டு. நம் மாநிலத்தில் மூன்றைக் காணலாம்.

ஏரி மீன் குத்தகை எடுப்போர்க்கு இப்பறவையின் மேல் தீராப் பகை. ஒரு சங்கத்தின் புத்தகங்களை ஆய்வு செய்கையில், பட்டாசு வாங்கிய தொகை 'இதர செலவு' என்று எழுதப்பட்டிருக்கக் கண்டேன். பண்டிகை மாதமும் அன்று. விசாரித்ததில், நீர்க்காகங்களை விரட்டுவதற்காம்!

மீன்குஞ்சு வளர்க்கும் சிறு குளங்களில் இப்பறவையால் நஷ்டம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அதற்கு மேலே வலை கட்டுவதே பரிகாரம். குஞ்சுகளைச் சற்று வளர்த்தபின் ஏரியில் விடுவார்களானால், சிறிய நீர்க்காகத்தால் அவற்றை விழுங்க இயலாது. வெடியோசையோ ஒரு நாழிகைக்கு உதவும்; பறவை அடுத்த கரையில் இறங்கி, ஓசை அடங்கியதும் திரும்பிவிடும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டிய விஷயம் வேறொன்று. வேடந்தாங்கல் ஏரி மரங்களில் நீர்க்காகங்கள் பிற நீர்ப்பறவைகளோடு கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் நெல்லுக்கு உரம் என்பதை அவ்வூரார் நன்கறிவர். பறவைகளைச் சுடலாகாது என்று அவர்கள் முறையிட்டு, கலெக்டர் லயனல் பிளேஸிடம் 1798ஆம் ஆண்டிலேயே உத்தரவு பெற்றனர். தென் அமெரிக்காவின் பெரு நாட்டுத் தீவுகளிலோ, நீர்க்காகம் முதலிய கடற்பறவைகளின் எச்சம் மலையெனக் குவிந்து, 19ஆம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு உரமாகச் சென்றது. நாம் மூட்டைக் கணக்கில் உரம் வாங்குகிறோம். அதைக் கூலியின்றி ஏரியில் இடும் பறவையை விரட்டவும் காசு செலவிடுகிறோம்.

சட்டமும் உண்டு. நீர்க்காகத்தைக் கொல்லுவது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. அதன் சுற்றுப்புறச் சங்கங்கள் வெடிச் செலவை இனியும் அனுமதிப்பது முறையன்று என்பது என் அபிப்பிராயம். அத்தொகையைக் குஞ்சுக் குளங்களின் வலைக்கு மாற்றும்படி அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவரலாம். அச்செலவை 'வலை' என்ற தலைப்பிலேயே எழுதலாம்.