தமிழ்க் கோப்பு ஏன் வந்து சேரவில்லை?



சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலிருந்தும் நம் சங்கக் குடும்பத்தினர் பலர் ஒரே வினாவை எழுதிவிடுத்துள்ளனர். கணினி நிலையத்தில் அமர்ந்து விண்ணப்பம் நிரப்புங்கால், "தமிழ்" என்னும் பொத்தானை அழுத்திய பின்னரும் பக்கம் ஆங்கிலத்திலேயே நிற்கிறது; அன்றேல் பாதி தமிழும் பாதி பிறமொழியுமாகக் காட்சி தருகிறது. "எங்கள் மொழியை வேண்டுமென்றே ஒதுக்கினார்களா?" என்று சிலர் சினந்தும் கேட்டுள்ளனர். சினம் இயல்பே. எனினும் இயந்திரத்தின் உள்ளே நடப்பது யாதென அறிந்த பின் சினந்தால், அச்சினம் சேரவேண்டிய இடத்தைச் சேரும்.

இஃது அற்பக் குறையன்று. லயத்து வீட்டில் வாழும் குடும்பத்துக்கு வீட்டுப்பெயர் என ஒன்று கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே நமக்குத் தலைப்பெழுத்து. விண்ணப்பத்தின் அந்தக் கட்டத்தில் தமிழ்ச் சொல் இல்லாதபோது, தந்தை பெயர் வீட்டுப்பெயராகப் பதிவாகிறது. சான்றிதழில் ஒரு பெயரும் பள்ளிப் பதிவேட்டில் வேறொரு பெயருமாகிவிட்டால், பிள்ளை கல்லூரிக்குச் செல்லும் நாளில் தாய் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க நேரிடும். ஒரு நாள் கூலியை இழந்தன்றோ அவள் ஏற வேண்டும்!

நிற்க. வலைச்செயலி எழுதுவோர் திரையில் தோன்றும் சொற்களை நிரலுக்குள்ளேயே எழுதி வைப்பதில்லை. மொழிக்கொரு கோப்பாகத் தனியே வைப்பர். ஜாவா என்னும் நிரல்மொழியில் இதற்கு "ரிசோர்ஸ் பண்டில்" என்று பெயர். 1997-இல் வெளிவந்த ஜாவா 1.1 முதலே இவ்வசதி உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறிப்பெயர். அதன் எதிரே அம்மொழிச் சொல். கோப்பின் பெயரிறுதியில் மொழிக்குறி நிற்கும்: தமிழுக்கு "டிஏ", மலையாளத்துக்கு "எம்எல்". பின்னர் நிரலையும் இக்கோப்புகளையும் ஒரே கட்டாகக் கட்டி, "ஜார்" அல்லது "வார்" எனப் பெயரிட்டுச் சர்வருக்கு அனுப்புவர்.

முதல் இடர் இக்கட்டில்தான் பிறக்கிறது. எழுதியவரின் கணினியில் கோப்பு திறந்த அடுக்கில் இருக்கும். அடுக்கின் வழியைச் சொன்னால் கிடைத்துவிடும். கட்டிய பின் அந்த வழியே இல்லை. மூணாற்றுப் பெரியோர் இதனை எளிதில் உணர்வர். 1902-இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-இல் சிறு இரயில் பாதையாக மாறி, 1924 வெள்ளத்தில் அழிந்த குண்டளைப் பள்ளத்தாக்கு இரயிலில் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை சென்று, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டக்குடிக்கு இறங்கின. ஆணியடித்த பெட்டியிலுள்ள தேயிலையைத் தொழிற்சாலை அடுக்கின் எண்ணைக் கூறிக் கேட்டால் எவர் எடுத்துத் தருவார்? பெட்டியின் பொறுப்பாளரையே கேட்டல் வேண்டும். ஜாவாவில் அப்பொறுப்பாளர் "கிளாஸ் லோடர்". அவரைக் கேளாமல் அடுக்கின் வழியையே எழுதிவைத்த நிரல், எழுதியவர் மேசையில் நன்றாக ஓடும். சர்வரில் தமிழைக் காணாது தவிக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேற்றுமையும் உண்டு. விண்டோஸ் கணினி அதனைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. லினக்ஸ் சர்வர் விடாது பிடிக்கும்.

தமிழ்க் கோப்பு கிட்டாதபோது செயலி நின்றுவிடுவதில்லை. அந்தச் சர்வரின் இயல்பு மொழிக்குரிய கோப்பைத் தேடும். அதுவும் இல்லையேல் மொழிக்குறியற்ற அடிக்கோப்பை எடுக்கும். ஆகவே ஒரே செயலி ஒரு சர்வரில் மலையாளத்தையும் மற்றொன்றில் ஆங்கிலத்தையும் காட்டக்கூடும். கோப்பு இருந்து அதில் சில சொற்கள் மட்டும் விடுபட்டிருப்பின், அவை அடிக்கோப்பிலிருந்து வரும். பாதித் தமிழ்ப் பக்கத்தின் மருமம் இதுவே. இவ்வேற்பாடு நல்ல நோக்குடன் அமைந்ததெனினும், குறையை மறைத்துவிடுகிறது என்பது நம் கருத்து. பக்கம் ஏதோவொரு மொழியில் வந்துவிடுவதால், பிழை நிகழ்ந்ததே மேலாளர் கண்ணில் படுவதில்லை.

மூன்றாவது இடர் எழுத்தைப் பற்றியது. யூனிகோடு முறையில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றுள்ளது. ஆயினும் ஜாவா இக்கோப்புகளை மேலை ஐரோப்பிய எழுத்து முறையிலேயே படித்து வந்தது. 2017-இல் வந்த ஜாவா 9-இல்தான் யூடிஎஃப்-8 இயல்பு முறையாயிற்று. அம்முறையில் ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு மூன்று பைட்டுகள். பழைய ஜாவா அவற்றை மூன்று தனி எழுத்துகளெனக் கொள்வதால், "த" என்பது பொருளற்ற மூன்று குறிகளாகச் சிதறும். பழைய சர்வர்களில் தமிழைக் குறியெண்களாக மாற்றி எழுதி வைப்பதே வழி.

இனி நாம் செய்யத்தக்கது. கைப்பேசியின் அமைப்பில் மொழிப் பட்டியலின் முதலிடத்தில் தமிழை வைக்க. உலாவி அவ்விருப்பத்தைத் தளத்துக்குத் தெரிவிக்கும். அதன் பின்னும் குறையிருப்பின் எழுத்தில் முறையிடுக. 1969-இல் கேரளம் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டத்தில், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதவும் அம்மொழியிலேயே விடை பெறவும் இடம் வைக்கப்பட்டது. குறைதீர்க்கக் கோரும் மனுவை நாட்டில் வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என்பது அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு.

"தமிழ் வரவில்லை" என்று மட்டும் எழுதற்க. முழுப்பக்கமும் பிறமொழியா, சில சொற்கள் மட்டுமா, எழுத்துச் சிதைவா என்பதைத் தெளிவாகக் குறித்தால், நிரல் எழுதுவோர் மேற்சொன்ன மூன்றில் எங்கே தேடவேண்டும் என்பதை உடனே அறிவர். திருத்திய பின்னும் பழைய பக்கமே தோன்றலாம். படித்த கோப்பைச் சர்வர் நினைவில் வைத்திருப்பதே காரணம். அதனை மீண்டும் இயக்கினால் சரியாகும் என்பதையும் மனுவில் ஒரு வரி சேர்க்கலாம். திரையின் படத்தை இணைத்து, நாளும் நேரமும் எழுதுக. படத்தில் ஆதார் எண் தெரியின் அதனை மறைத்த பின்பே அனுப்புக.