அன்லிமிடெட் இறாலும் அளவான வயிறும்

ஜமுனாமரத்தூரில் இருந்து சென்னைக்கு பி.காம் படிக்க வந்த ஒரு பையன். நண்பன் பிறந்தநாளுக்கு கடல் உணவு பஃபேவுக்கு போகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஜவ்வாது மலை என்றால் சாமை, தேன், பலா... கடலுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை. இங்கேயோ இறால், நண்டு, கணவாய், வஞ்சிரம் என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பக்கத்தில் இருப்பவன் காதில் சொல்வான்: "மச்சி, சோத்துல கைய வெக்காத. இறாலா அடி. குடுத்த காசு வசூலாகணும்!"

இந்த 'வசூல்' கணக்குதான் தப்பு.

அன்லிமிடெட் தமிழ்நாட்டுக்கு ஒன்றும் புதுசு இல்லை. மெஸ்ஸில் புல் மீல்ஸ் வாங்கினால் சோறு, சாம்பார், ரசம், மோர் எல்லாம் கேட்கக் கேட்க வரும். ஆனால் மீன் வறுவல் மட்டும் பீஸ் கணக்கு, தனி பில்! மெஸ்காரர் காஸ்ட் அக்கவுண்டிங் படிக்காமலே இருக்கலாம். இன்னொரு கரண்டி சோற்றுக்கு ஆகும் செலவு வேறு, இன்னொரு துண்டு வஞ்சிரத்துக்கு ஆகும் செலவு வேறு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பி.காம் மாணவர்கள் மார்ஜினல் காஸ்ட் என்று மனப்பாடம் செய்வது இதைத்தான். கடல் உணவு பஃபே இந்தக் கோட்டை அழித்துவிடுகிறது.

அழித்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ரெட் லாப்ஸ்டர் ஓட்டல், 2003-ல் 'அளவில்லா நண்டு' போட்டு கையைச் சுட்டுக்கொண்டது. அதே வருஷம் அதன் தலைவர் பதவியை விட்டுப் போனார். பாடம் படித்தார்களா? 2023-ல் 20 டாலருக்கு அளவில்லா இறாலை நிரந்தரமாக்கினார்கள். அதில் மட்டும் 1.1 கோடி டாலர் நஷ்டம். 2024 மே மாதம் திவால் மனு. வாடகைச் சுமை போல வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இறாலுக்கும் அதில் பங்கு இருந்தது.

அப்படியானால் மற்ற பஃபே எல்லாம் எப்படி ஓடுகிறது? சூப், நூடுல்ஸ், பிரியாணி என்று வயிற்றை நிரப்பும் ஐட்டங்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கொஞ்சமாகச் சாப்பிடுகிறவர்கள். பத்து நண்டு தின்பவனுக்கும் அடுத்த மேசையில் அரைத்தட்டோடு எழுந்துவிடும் பாட்டிக்கும் ஒரே பில். 'வசூல்' செய்தவன் முதலாளியை ஜெயித்ததாக நினைக்கிறான். உண்மையில் வசூல் ஆனது அந்தப் பாட்டியிடம்!

தவிர, பில் போட்ட காசு போனது போனதுதான். சங்க் காஸ்ட். ஐந்தாவது தட்டு அதைத் திருப்பித் தராது, வயிற்றுவலியைத்தான் தரும்.

கடலுக்கும் ஒரு லிமிட் இருக்கிறது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பஃபே மேசையில் மட்டும் அந்த 61 நாளும் எதுவும் குறையக்கூடாது. வேறு கடலில் இருந்தோ, பண்ணைக் குட்டையில் இருந்தோ, ஃப்ரீசரில் இருந்தோ வந்தாக வேண்டும். அப்படி வந்ததில் பாதியை தட்டில் மிச்சம் வைத்துவிட்டுப் போவதை என்னவென்று சொல்வது?

இதற்காக பஃபேவுக்கே போகக்கூடாது என்று இல்லை. கணவாய் எப்படி இருக்கும், நண்டு எப்படி இருக்கும் என்று ஒரே வேளையில் ருசி பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே கொடுக்கும் காசு வகைக்கு. அளவுக்கு இல்லை.

சாமையை உரலில் போட்டுக் குத்தி உமி நீக்குவது எத்தனை பாடு என்று பார்த்து வளர்ந்த பையனுக்கு இது புரியும். எல்லாவற்றிலும் ஒவ்வொன்று எடுப்பான். பிடித்ததை இன்னொரு தடவை எடுப்பான். கடைசியில் கொஞ்சம் ரசம் சோறு. தட்டு காலி.

"ஏமாந்துட்டியேடா மச்சி!" என்று கூட்டமே சிரிக்கும். பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, மிச்சம் வைத்த தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்து சிரிக்கும்.

ஏமாந்தது யார்?