ஊட்டி பஸ் ஏத்தி விடறதுதான் விருந்தோம்பலா?

வெளியூர் நண்பன் வந்தா முதல் கேள்வி, "உங்க ஊர்ல பாக்க என்னடா இருக்கு?" நம்ம பதிலும் ரெடி. மருதமலை, ஈஷா, ஒரு மால். அப்புறம் ஊட்டி பஸ்.

எனக்கு இதுல பயங்கர கடுப்புங்க.

ஜெர்மனியில ட்ரியர்னு ஒரு ஊர். அகஸ்டஸ் காலத்துல ரோமானியர் உருவாக்கினது. கறுத்துப்போன ஒரு கோட்டை வாசல், சில குளியல் மண்டப இடிபாடுகள். 1986-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தாச்சு. ஊர் ஊரா வந்து டிக்கெட் எடுத்துப் பாக்கறாங்க.

அதே அகஸ்டஸ் முகம் போட்ட காசு நம்ம வெள்ளலூர்லயும் கிடைச்சது. 1842-ல மட்டும் 500-க்கும் மேல ரோமானிய வெள்ளிக்காசுகள்! மேற்குக் கடற்கரையில இறங்கின வியாபாரம் பாலக்காட்டுக் கணவாய் வழியா கொங்குக்குள்ள வந்ததுக்கு சாட்சி. நொய்யலோட கிழக்கே போனா கொடுமணல். கல்மணி கோத்து, இரும்பு உருக்கி வாழ்ந்த ஊர்.

இன்னைக்கு வெள்ளலூர்னா என்ன ஞாபகம் வருது? குப்பைக் கிடங்கு!

"அங்க கோட்டை இருக்கு, இங்க வெறும் காசுதானே?"ம்பீங்க. சரி, கட்டடம் இல்லாத ஊர்ல கதையையாவது சொல்லணுமில்ல? வெள்ளலூர்ல ஒரு நல்ல அரங்கு, கொடுமணலுக்கு ஒரு சுற்றுலா பஸ். இது பெரிய செலவா? பி.காம்ல ஏற்றுமதி இறக்குமதி படிக்கிற எங்களுக்கே அதுதான் முதல் பாடமா இருக்கணும்.

அடுத்த தடவை நண்பன் வந்தா, ஊட்டி பஸ்ஸுக்கு முன்னாடி வெள்ளலூருக்குக் கூட்டிட்டுப் போங்க. மூக்கைப் பொத்திக்கிட்டுதான் கதை சொல்லணும். அந்த வெட்கமாவது நமக்கு வரட்டும்.