நெடுநாட் பணியாளரை நினைக்கும் முறை

ஒரு கலாசாலையில் முப்பதாண்டு உழைத்து ஓய்வுபெறும் ஒருவர்க்கு நம் நாட்டில் நிகழும் உபசாரம் யாவரும் அறிந்ததே. மாலை, பொன்னாடை, நான்கு சொற்பொழிவுகள், சிற்றுண்டி, இறுதியிற் பெயர் வெட்டிய ஒரு பாத்திரம். திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையத்தினின்று வந்தவர்களாதலின், இப்பாத்திரத்தைப்பற்றிச் சிறிது கூற எமக்கு உரிமையுண்டு. குடமும் தவலையும் அண்டாவும் அடித்துப் பிழைத்த ஊர் அது. எவர்சில்வர் வந்தபின் பித்தளைப் பட்டறைகள் குறைந்தன. பட்டறை மக்களிற் பலர் பனியன் கம்பெனிகளுக்குச் சென்றனர். ஆயினும் ஓர் உண்மையை அங்குள்ள சிறுவரும் அறிவர். பழம் பாத்திரம் கடைக்கு வந்தால் எடைபோட்டு வாங்கி உருக்குவார்கள். வெட்டிய பெயரும் உடன் உருகிவிடும். பெயர்க்கெனத் தனி எடை கிடையாது.

அங்ஙனமாயின் நீண்டநாள் உழைத்தவரை நினைத்தற்கு ஏற்ற வழி யாது? தமிழ் மாணவர் இதற்குத் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் வித்துவான் தியாகராச செட்டியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் மாணாக்கர். 1880-இல் அவர் அவ்வேலையினின்று நீங்கியபொழுது, தம் இடத்திற்கு முயன்று கொணர்ந்தவர் அம்மகாவித்துவானிடமே பயின்ற உ. வே. சாமிநாதையர். ஐயர் 1903 வரை அங்கும், பின்னர் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியிலும் பணியாற்றினார். சிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகிய பதிப்புக்கள் யாவும் அக்கும்பகோண வாழ்க்கையின் விளைவே. செய்ந்நன்றி மறவாத ஐயர், திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் 'தியாகராச விலாசம்' எனப் பெயரிட்டார். செட்டியாரின் வரலாற்றைத் தனி நூலாகவும் எழுதினார். வீடு 2012-இல் இடிக்கப்பட்டது. நூலோ இன்றும் படிக்கக் கிடைக்கின்றது.

மிஷன் கல்லூரிகளிலும் உதாரணம் உண்டு. ஸ்காட்லாந்து தேசத்தினின்று 1862-இல் சென்னைக்கு வந்த வில்லியம் மில்லர் துரைமகனார், 1907 வரை சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கே தம் வாழ்நாளையும் கைப்பொருளையும் ஈந்தார். அவர்க்கு வாழ்நாளிலேயே சிலை எழுந்தது. தகும், தகும். ஆனால் அந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் அக்கல்லூரியின் மணியை அடித்தவர் யார், வாயிற் கதவைத் திறந்தவர் யார், நூல்நிலையத் தூசியைத் துடைத்தவர் யார் என வினவினால், விடை கூற வல்லார் நம்மில் எத்தனை பேர்?

பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினாறாம் அதிகாரத்தை ஆலயத்தில் வாசிக்குங்கால், வெறும் பெயர்ப் பட்டியல் என்று பலர் அதனை விரைந்து கடப்பர். எமக்கு அது பெரிதும் உவந்த பகுதி. பெபேயாள் முதலாக உழைத்தோர் பெயர்கள் அங்கே அடுக்கி நிற்கின்றன. நிருபத்தைக் கையால் எழுதிய தெர்தியுவும் தம் பெயரைச் சொல்லி வாழ்த்துகின்றார். விசுவாசத்தைப்பற்றிய அத்துணைப் பெரிய வாதம் முடிந்தபின் எழுத்தருக்கும் ஓரிடம் இருந்தது. நம் கல்லூரி மலரிலோ படமும் வரலாறும் ஆசிரியர்களோடு நின்றுவிடுகின்றன. ஏவலாளர் ஓய்வுபெற்றால் அறிக்கையின் ஈற்றில் ஒரு வரி. சில ஆண்டுகளில் அதுவும் இல்லை.

இங்ஙனம் எல்லாரையும் எழுதப் புகுந்தால் மலர் முகமன் மலராகிவிடும் என்பார் உளர். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. சரமகவி பாடிப் பழகிய மரபினராகிய நமக்கு, இறந்தவர் யாவரும் கல்விக்கடல். ஓய்வுபெற்றவர் யாவரும் கருணை மலை. (தமிழ் வகுப்பினராகிய எம்மையும் சேர்த்தே கூறுகின்றோம்.) யாம் வேண்டுவது புகழ்ச்சியன்று, செய்தி. எத்தனை மணிக்கு அவர் வாயிலைத் திறந்தார்? சோதனைச்சாலைச் சாவிகள் எத்தனை. எது எதற்குரியதென்று எங்ஙனம் நினைவிற் கொண்டார்? எந்த மழையில் எந்த அறை ஒழுகும்? சம்பளம் கட்ட இயலாது நின்ற பையனை எந்தக் குமாஸ்தாவிடம், எந்த வேளையில் அனுப்பினால் காரியம் கைகூடும் என்று அவர் கண்டுவைத்திருந்தார்? இவை அவரோடு போய்விட்டால், கல்லூரி தன்னைப்பற்றித் தான் அறிந்தவற்றுட் பாதியை இழக்கின்றது. பேராசிரியரின் கருத்துக்களையேனும் அவர்தம் நூல்களிலும் மாணவரின் குறிப்புக்களிலும் தேடிக்கொள்ளலாம். ஏவலாளரின் அறிவிற்கு வேறு ஏடு இல்லை. அவரை எழுதுதலே முற்பட வேண்டும் என்பது எமது துணிபு.

செலவு மிகுதியென்று சொல்லவும் வழியில்லை. ஓய்வுபெறும் ஒவ்வொருவர்க்கும், அவர் எப்பதவியினராயினும், மலரில் இரண்டு பக்கம் ஒதுக்குக. தமிழ் வகுப்பினின்று இருவர், அவர் விடைபெறுவதற்கு மூன்று திங்கள் முன்னரே, குறிப்பேட்டுடன் அவரிடம் சென்று அமரட்டும். அவர் சொல்வதை எழுதி, எழுதியதை அவர்க்குப் படித்துக்காட்டித் திருத்தட்டும். பாத்திரமும் கொடுக்கட்டும்; எங்கள் ஊரார்க்கு அதில் வருத்தமில்லை. மலர் அச்சாகி வந்தவுடன் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பாது, அவர் வீட்டிற்கே கொண்டுசென்று கையிற் கொடுத்தல் வேண்டும்.