உயிர்வளம் எவர் வளம்?

பாறைநெய்யும் நிலக்கரியும் வான்வெளியை நஞ்சாக்கிவிட்டன. இனிப் பயிரும் பாசியும் நுண்ணுயிரும் கொண்டே உடையும் மருந்தும் எரிபொருளும் ஆக்குவோம் என்னும் முழக்கம் ஞாலமெங்கும் எழுந்துள்ளது. உயிர்வளப் பொருளியல் என இதனை நாம் அழைக்கலாம். 2024இல் பிரேசில் தலைமையில் கூடிய இருபது நாடுகள் குழு இதற்கெனப் பத்து நெறிகளை வகுத்தது. அவ்வாண்டே இந்திய ஒன்றிய அரசும் ‘பயோ-இ3’ என்றொரு கொள்கைக்கு ஒப்புதல் ஈந்தது. (அப்பெயரைக் கேட்ட அளவில் பொருள் கூறும் உழவர் எவரேனும் இருப்பின் அவர்க்குப் பரிசிலே அளிக்கலாம்!) செல்வ நாடுகள் பொருளும் நுட்பமும் தந்து துணைநிற்குமாம். நிற்கட்டும். துணையே வேண்டா என்பேம் அல்லேம். வளம் எவர் கையில் நிற்கும் என்பதே நம் கேள்வி.

புதுவைக்கு இக்கேள்வி புதிதன்று. பிரெஞ்சியர் ஆட்சியில், இங்கு நெய்த பருத்தித் துணி அவுரி நீலத்தில் தோய்க்கப்பெற்று, ‘கினே’ என்னும் பெயரில் ஆப்பிரிக்காவின் செனகல் கரைக்குச் சென்றது. அங்கே அத்துணியே காசாய் வழங்கிற்று. அதனைக் கொடுத்து வேலம்பிசினை வாங்கிப் பிரான்சுக்குக் கொண்டேகினர். பருத்தி, அவுரி, பிசின் மூன்றும் உயிர்வளந்தாம். கடல்கடந்த கூட்டுறவும் இருந்தது. ஊதியமோ போர்தோ வணிகர்க்கு. நெய்தவனுக்கும் பிசின் எடுத்த ஆப்பிரிக்க ஏழைக்கும் அரைவயிறு. ஆலைகள் எழுந்த பின்னரும் எட்டுமணிநேர வேலை கேட்ட தொழிலாளர்க்கு, 1936 சூலை 30இல் பன்னிருவரைச் சுட்டுக் கொன்றே விடை கூறினர் ஆட்சியாளர்.

அயலார் துணை வேறு வகையாகவும் அமையலாம் என்பதற்கும் இம்மண்ணிலேயே சான்றுண்டு. 1954 அக்தோபர் 18இல், இந்தியாவோடு இணைவதா என முடிவுசெய்ய 178 பேராளர் கூடி, 170 பேர் ஆம் என்ற கீழூரை அறியாத புதுவையர் இலர். அக்கீழூர், பிள்ளையார்குப்பம் முதலான ஊர்களில் 1990களின் தொடக்கத்தில் எம்.எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உயிர்மச் சிற்றூர்த் திட்டத்தைத் தொடங்கிற்று. ஒன்றிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் பின்னர்த் துணைநின்றது. நிலமற்ற பெண்டிர் வைக்கோலில் காளான் வளர்த்தனர், வண்ணமீன் வளர்த்தனர். களத்தில் எஞ்சிய வைக்கோல் காளானாய் விலைபோயிற்று. காளான் எடுத்தபின் அதுவே எருவாகும்.

1998 முதல் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு நடுவத்தின் பொருளுதவியோடு, வில்லியனூரைத் தலைமையிடமாகக் கொண்டு, சிற்றூர்களில் கணிப்பொறி அறிவு நடுவங்கள் அமைந்தன. ஏம்பலத்தில் கோயிலிடத்திலேயே அமைந்த நடுவத்தை ஊர்ப் பெண்டிரே நடத்தினர். கணிப்பொறியில் அவர்கள் எழுதியது தமிழ். ‘நம்ம ஊர் செய்தி’ என ஓர் இதழும் வெளிவந்தது. (‘நம்மூர்ச் செய்தி’ என்றிருப்பின் இன்னும் நன்று.) அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்தில் கண்ட அலையுயரம் தமிழாகி, வீராம்பட்டினத்து மீனவர்க்கு ஒலிபெருக்கியில் ஒலித்தது. தமிழில் அறிவியல் ஆகாது என்று இன்றும் பிதற்றும் படித்தோர் அவ்வொலியைக் கேட்டிருக்க வேண்டும்! பணம் கனடாவினது, செய்தி அமெரிக்காவினது, மீனவனுக்கு அஃது உரியதானது தமிழாய் வந்த பின்னரே.

இன்றைய உயிர்வளப் பேச்சில் நாம் காணாதது இதுவே. வேம்பின் பூசணம் போக்கும் பண்பின்மீது அமெரிக்க வேளாண் துறையும் ஒரு நிறுவனமும் 1994இல் ஐரோப்பாவில் பெற்ற காப்புரிமையை, 2005இல் முற்றும் ஒழிக்கும்வரை நெடிது வழக்காட வேண்டியிருந்தது. அயலாரை மட்டும் நோவானேன்? மரபறிவால் ஊதியம் பெறுவோர் அவ்வறிவைக் காத்த மக்களுக்குப் பங்களிக்க வேண்டும் என்றது 2002ஆம் ஆண்டின் உயிரியப் பன்மைச் சட்டம். 2023ஆம் ஆண்டுத் திருத்தமோ, நூல்களில் பதிவான மரபறிவைக் கையாளும் உள்நாட்டு நிறுவனங்களை அக்கடமையினின்று விடுவித்தது. சித்தர்கள் எழுதி வைத்தமையாலேயே நம் மக்கள் பங்கிழக்கின்றனர்! எழுதாதிருந்தால் பங்குண்டு, எழுதினால் இல்லை. எழுத்தறிந்த இனத்துக்கு இஃதென்ன தண்டம்?

அதே சட்டம் ஊராட்சிதோறும் உயிரியப் பன்மை மேலாண்மைக் குழு அமைக்கவும், ஊர்வளத்தை மக்கள் பதிவேட்டில் எழுதவும், அவ்வளம் பற்றி முடிவெடுக்குமுன் அக்குழுவைக் கலந்து கேட்கவும் கூறுகின்றது. புதுவை அரசு அப்பதிவேடுகளைத் தமிழில், நெல்லுக்கும் மீனுக்கும் மூலிகைக்கும் ஊரார் வழங்கும் பெயர்களோடு எழுதுவிக்க வேண்டும். எந்நாட்டுத் துணையாயினும், அதன் உடன்படிக்கை அக்குழுவின்முன் தமிழில் படிக்கப்பெற்று, ஊரார் உடன்பட்ட பின்னரே அலுவலர் கையொப்பமிட வேண்டும்.