ரெண்டு சீட்டு

ராயக்கோட்டையில் ஒரு டீக்கடை. சட்டமன்றத் தேர்தல் ஒன்றுக்கு வேட்பாளர் பட்டியல் வராத நேரம். தெரிந்த கட்சிக்காரர் ஒருவரிடம், "இந்தத் தடவை இங்க நம்ம ஆளு ஒருத்தர நிறுத்துனா என்னங்க?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "உங்களுக்குத்தான் ஊத்தங்கரை இருக்கேப்பா!" என்றார்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆறு தொகுதி. ஊத்தங்கரை, பர்கூர், கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி, ஓசூர், தளி. இதில் தனித் தொகுதி ஊத்தங்கரை ஒன்றுதான். ராயக்கோட்டைச் சேரி ஓட்டுப் போடுவது பொதுத் தொகுதியில். அவர் சொன்னதற்கு அர்த்தம் என்ன? ஓட்டை இங்கே போடு, ஆளை அங்கே தேடு. பொதுத் தொகுதி என்றால் ஊர்த் தொகுதி. இந்தக் கணக்கை எந்தச் சட்டத்திலும் யாரும் எழுதவில்லை. ஆனாலும் எல்லாக் கட்சிக்கும் இது மனப்பாடம்.

நான் பிறந்தது மேலூர்ப் பக்கம். ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்து, ராயக்கோட்டையில் தங்கிவிட்டவன். அன்று ராத்திரி எனக்கு அம்மாயி நினைப்பு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத கிழவி. 1957 தேர்தலைப் பற்றிச் சொல்லுவாள்: "ரெண்டு சீட்டுக் குடுத்தாகடா. ஒண்ண ஒரு பொட்டியில, இன்னொண்ண வேற பொட்டியில போடணும். ஒண்ணு ஊர்க்காரவுகளுக்கு, ஒண்ணு நம்ம கக்கனுக்கு."

கிழவி ஏதோ உளறுகிறாள் என்று அப்போது நினைத்தேன். அவள் சொன்னதுதான் சரித்திரம். மேலூர் அன்றைக்கு இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதி, இரண்டு எம்.எல்.ஏ. ஒரு இடம் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கியது, மற்றது பொது. ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று வைத்திருந்த காலம் அது. 1957இல் மேலூர் அனுப்பிய இரண்டு பேரில் ஒருவர் கக்கன். 1952இல் சென்னை மாகாணத்தின் 375 இடங்களுக்கு 309 தொகுதிகள். அதில் 66 இரட்டைத் தொகுதிகள். 62இல் தாழ்த்தப்பட்டோருக்கும் 4இல் பழங்குடிகளுக்கும் ஓரிடம். 1957இல் 205 இடங்கள், 38 இரட்டைத் தொகுதிகள்.

இதை அண்ணல் கேட்ட இரட்டை வாக்கோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு நமக்கு இரண்டு ஓட்டுத் தந்தது. ஒன்று எல்லோரோடும் சேர்ந்து போடுவது. மற்றது நம் ஆளை நாம் மட்டுமே தேர்ந்தெடுப்பது. காந்தியார் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம். சென்னை மாகாணத்துக்கு 30 இடம் எழுதிவிட்டு, அந்தத் தனி ஓட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். முதல் சுற்றில் நாம் நாலு பேரைப் பொறுக்கலாம், அதில் யார் ஜெயிப்பது என்பதை ஊர் சேர்ந்து முடிவு பண்ணும். அதுதான் ஏற்பாடு. 1952இல் அந்த முதல் சுற்றும் இல்லை. வந்தது அம்மாயி கையில் இருந்த ரெண்டு சீட்டு.

இரட்டைத் தொகுதி சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. தொகுதி பெரிசு, செலவு பெரிசு. பொது வேட்பாளரின் காரிலும் காசிலும் தொங்கித்தான் நம் ஆள் ஊர் சுற்ற வேண்டியிருந்தது. அண்ணலே 1952இல் வடக்கு பம்பாய் இரட்டைத் தொகுதியில் ஒதுக்கீட்டு இடத்தில் காங்கிரஸின் கஜ்ரோல்கரிடம் தோற்றார். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு கதவு திறந்தே இருந்தது. ஒதுக்கிய இடம் போக, பொது இடத்துக்கும் நம் ஆள் வரலாம்.

வந்தார்கள். 1957 நாடாளுமன்றத் தேர்தல், ஆந்திராவில் பார்வதிபுரம் தொகுதி. ஓரிடம் பழங்குடிகளுக்கு, மற்றது பொது. ஓட்டு எண்ணினால் முதல் இரண்டு இடமும் பழங்குடி வேட்பாளர்களுக்கு! சத்யநாராயணா, சூரி தோரா இருவரும் எம்.பி. தோற்றவர் யார் தெரியுமா? மத்திய மந்திரியாக இருந்த வி.வி.கிரி, பின்னாளில் குடியரசுத் தலைவர். பழங்குடி பொது இடத்துக்கு வரக்கூடாது என்று வழக்காடினார். 1959இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நிற்கவில்லை. ஒதுக்கீடு என்பது குறைந்தபட்சம். அதற்கு மேலே வர யாருக்கும் தடையில்லை.

1961இல் சட்டம் போட்டு இரட்டைத் தொகுதிகளையே ஒழித்தார்கள். தொகுதி பெரிசு, நிர்வாகம் கஷ்டம் என்று காரணம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் தீர்ப்பு வந்த இரண்டே வருசத்தில் கதவே இல்லாமல் போனதை நாம் கவனிக்காமல் இருக்க முடியுமா? 1962இல் கக்கன் நின்றது சமயநல்லூர் தனித் தொகுதியில். ஊருக்கு ஒரு தொகுதி, சேரிக்கு ஒரு தொகுதி என்று வரைபடத்திலேயே கோடு கிழித்தாயிற்று. குறைந்தபட்சம் என்று சொன்னது உச்சவரம்பாக மாறியது.

கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும்? தனி இடத்துக்குள்ளேயே விடமாட்டார்கள் என்பதற்கு அதே மேலூர் வட்டாரத்தில் மேலவளவு சாட்சி. ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவியில் உட்கார்ந்ததற்காக 1997 ஜூன் 30இல் முருகேசனையும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். ஆனால் தாண்டினால் ஜெயிக்க முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2001 இடைத்தேர்தலில் திருச்சி பொதுத் தொகுதியில் தலித் எழில்மலை ஜெயித்தார். 2024இல் அயோத்தி இருக்கிற பைசாபாத் பொதுத் தொகுதியில் அவதேஷ் பிரசாத் ஜெயித்தார். நிறுத்தினால் ஜனம் ஓட்டுப் போடுகிறது. நிறுத்தத்தான் கட்சிகளுக்கு மனசில்லை.

தமிழ்நாட்டில் 234 தொகுதியில் தாழ்த்தப்பட்டோருக்கு 44. மிச்சம் 190இல் பழங்குடிக்கு 2 போக, 188 பொது. பொது என்றால் நாமும் சேர்த்திதான். நம் ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொரு கட்சியிடமும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: பொதுத் தொகுதியில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர்?

அந்த டீக்கடைக்காரருக்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியாமல் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த தடவை அந்தக் கட்சிக்காரர் ஊத்தங்கரையைக் காட்டினால் சொல்லுவேன்: "ஊத்தங்கரை எங்களுக்குக் குறைஞ்சபட்சம்ங்க. மிச்சம் அஞ்சையும் யார் பேருக்குப் பட்டா போட்டு வச்சிருக்கீங்க?"